சோப்பு டப்பாவும் முப்பது விநாடியும்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டிரைவிங் டெஸ்ட். வண்டி ஓடவில்லை. கதை இவ்வளவுதான், இதில் பெரிய தத்துவம் எதையும் தேடாதீர்கள். ஆனால் அந்த வண்டி ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு குடும்பமே படாத பாடு பட்டது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

வண்டி டீச்சருடையது. டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கைக்காரர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்த சின்னக் கார் ஒன்றுதான் அவருடைய பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம். தெருவே அவரை டீச்சர் என்று கூப்பிடுவதால் கட்டின புருஷனும் அப்படியே கூப்பிடுகிறார். அந்தப் புருஷனுக்குத் தெரு வைத்த பெயர் மீட்டர். எந்நேரமும் கழுத்தில் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று தொங்கும். சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் எல்லாரும் பேட்டரியை மாற்றுவார்கள் அல்லவா? இவர் முதலில் அளப்பார். அளந்து, ஒரு காகிதத்தில் எழுதி, இரண்டு நாள் கழித்து மறுபடி அளப்பார். அதுவரை வீட்டில் மணி பத்தே கால்தான்.

மீட்டரும் அவருடைய மச்சானும், அதாவது டீச்சரின் அண்ணனும், ஒரே ஷெட்டில் வேலை செய்தார்கள். முன்பக்கம் மச்சானின் இன்ஜின் வேலை. பின்பக்கம் ஒரு மேஜை, அதன்மேல் மீட்டரின் வயர்கள். மச்சான் கார்புரேட்டர் காலத்து ஆள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய காலத்துச் சாமான் அது. எந்த வண்டி எந்தக் கோளாறோடு வந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுவது ஒரே வாக்கியம்தான்: "மாப்ள, ஒரு கார்புரேட்டர் எடுத்து மாட்டிரலாமா?" ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தவரிடம்கூட ஒரு தடவை இதைச் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை டீச்சரின் வண்டி நடுத்தெருவில் நின்றது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் இன்ஜின் மூச்சு வாங்கியதே தவிர நகரவில்லை. மீட்டர் போய் அளந்தார். த்ராட்டில் பாடி செத்துவிட்டது.

த்ராட்டில் பாடி என்பது இன்ஜினுக்குள் காற்றை விடும் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் மிதியை மிதித்தால் ஒரு கேபிள் இழுத்து அந்தக் கதவைத் திறக்கும். டீச்சரின் வண்டியில் கேபிள் கிடையாது. மிதி கம்ப்யூட்டரிடம் சொல்லும், கம்ப்யூட்டர் ஒரு குட்டி மோட்டாரிடம் சொல்லும், மோட்டார் மனசு வைத்தால் கதவு திறக்கும். இந்த ஏற்பாடு புதிதாக வந்த காலத்தில், கம்பெனிக்காரர்களுக்கே சரியாகப் பிடிபடாதபோது, மூன்றே வருஷம் செய்த மாடல் இது. அந்த த்ராட்டில் பாடி இப்போது எங்கேயும் கிடையாது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் கிடைத்தது, பத்து வருஷம் கழித்து வந்த மாடலின் த்ராட்டில் பாடி.

"இதை அதுல மாட்ட முடியுமா?" என்று கேட்டார் டீச்சர்.

"முடியும்," என்றார் மீட்டர்.

"சனிக்கிழமைக்குள்ள?"

"வெள்ளிக்கிழமையே எடுத்துக்க."

"இல்லன்னா சொல்லிருங்க. உங்க தம்பிகிட்ட விட்டுடறேன். அவருக்கு மனசுல ஒண்ணும் கிடையாது."

மீட்டருக்கு எங்கே சுட வேண்டுமோ அங்கே சுட்டது. தம்பி இரண்டு தெரு தள்ளி ஒர்க்ஷாப் வைத்திருந்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, ஒரே நிறத்தில் சட்டை போட்ட நாலு வேலையாட்கள். அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும், மீட்டருக்குப் பொறாமை இல்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த இடத்தில், யாரோ அண்ணனைப் பற்றி விசாரிக்க, தம்பி சொன்ன பதில்தான் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. "அண்ணனா? அருமையான மெக்கானிக். பழைய வண்டின்னா அடிச்சுக்க ஆள் கிடையாது." பாராட்டுத்தான். ஆனால் அந்த 'பழைய வண்டின்னா' இருக்கிறதே! அன்றிலிருந்து மீட்டருக்குச் சரியான தூக்கம் இல்லை. பெண்டாட்டியின் வண்டியே தம்பி ஒர்க்ஷாப்புக்குப் போனால் அப்புறம் சொந்தத்தில் ஒருத்தர் முகத்திலும் முழிக்க முடியாது.

"சனிக்கிழமை காலைல வண்டி உன் கையில இருக்கும், டீச்சர். என் தம்பி பேரை எடுக்காத," என்றார்.

சனிக்கிழமை டெஸ்ட் தையல்காரருக்கு. தெருமுனைத் தையல் கடைக்காரர், சாது மனுஷர், டீச்சரிடம் ஒன்றரை வருஷமாகப் படிக்கிறார். ஐந்து தடவை டெஸ்ட்டுக்குப் போய் ஐந்து தடவையும் ஒரே இடத்தில் ஃபெயில். கிளட்ச்சை விடுவார், இன்ஜின் அணைந்துவிடும். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதியுங்கள் என்றால் மிதிக்க மாட்டார். முப்பது வருஷம் தையல் மிஷின் மிதியில் வேலை பார்த்த கால் அது. மிதியில் கால் பட்டால் ஊசி ஓடும், ஊசி ஓடினால் விரல் போகும். அதனால் துணி நேராக இருக்கிறது, விரல் தள்ளி இருக்கிறது என்று மூன்று முறை பார்க்காமல் அவர் கால் எந்த மிதியிலும் இறங்காது. இந்த ஆறாவது தடவையும் தவறிவிட்டால் வண்டி ஆசையையே விட்டுவிடுகிறேன், துணி மூட்டையோடு பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மீட்டர் வேலையை ஆரம்பித்தார். புதிய த்ராட்டில் பாடியின் நாலு துளையும் பழைய இடத்தில் பொருந்தவில்லை. மச்சான் ஒரு அலுமினியத் தகட்டை அறுத்து, ராவி, நடுவில் வைக்க ஒரு அடாப்டர் செய்து கொடுத்தார். கொடுக்கும்போதே, "இவ்வளவு அறுத்ததுக்குக் கார்புரேட்டரே உட்காந்திருக்கும், மாப்ள," என்றார். மீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்தது வயர். அங்கேதான் வில்லங்கம். கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல உள்ளே இரண்டு சென்சார் உண்டு. ஒன்று பொய் சொன்னாலும் இன்னொன்று காட்டிக்கொடுக்கும் என்று இரண்டு. பழைய கம்ப்யூட்டருக்கு ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும், இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஐந்து வோல்ட் வர வேண்டும். புதிய த்ராட்டில் பாடியிலோ இரண்டும் சேர்ந்து ஏறின. பழைய கம்ப்யூட்டர் இதைப் பார்த்து, ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தறீங்க என்று முறுக்கிக்கொண்டது.

நடுவில் ஒரு சின்ன சர்க்யூட்டை வைத்து, இரண்டாவது சென்சார் ஏறும்போதெல்லாம் அது இறங்குவதாகக் கம்ப்யூட்டரிடம் சொல்ல வைத்தால் போதும் என்று மீட்டர் கண்டுபிடித்தார். அற்புதமான யோசனை, அதில் சந்தேகமே இல்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் குனிந்த தலை நிமிராமல் சால்டரிங் வைத்தார். சர்க்யூட்டைத் தண்ணீர் படாமல் மூட ஒரு டப்பா வேண்டியிருந்தது. வியாழக்கிழமை காலை டீச்சர் குளிக்கப் போனபோது சோப்பு மட்டும் ஜன்னல் விளிம்பில் வழுக்கிக்கொண்டு கிடந்தது. ரோஜா நிற சோப்பு டப்பா இன்ஜின் பக்கத்தில் நாலு ஸ்க்ரூ போட்டு உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் தட்டு வந்ததும் மேஜை மூன்று தடவை ஆடியது.

"மேஜையை ஆட்டாதீங்க," என்றார் டீச்சர், பதினெட்டு வருஷமாகச் சொல்கிற அதே குரலில்.

"நான் எங்க ஆட்டினேன்?" என்றார் மீட்டர், அதுவும் பதினெட்டு வருஷப் பதில்தான்.

வெள்ளிக்கிழமை எல்லாம் மாட்டியாகிவிட்டது. அளந்து பார்த்தார். கூட்டினால் ஐந்து வோல்ட், ஒரு இழை பிசகவில்லை. இனி பாக்கி ஒன்றே ஒன்று. புதிய கதவு எங்கே மூடுகிறது, எங்கே திறக்கிறது என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. சாவியை ஒரு கட்டம் திருப்பி, இன்ஜினை எழுப்பாமல், எந்த மிதியிலும் கால் படாமல் முப்பது விநாடி சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த முப்பது விநாடியில் கம்ப்யூட்டர் கதவை மூடிப் பார்க்கும், திறந்து பார்க்கும், சரி என்று குறித்துக்கொள்ளும். நடுவில் எந்த மிதியையாவது தொட்டால் கோபித்துக்கொண்டு குறித்ததை அழித்துவிடும். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்.

முதலில் மச்சானைத்தான் வண்டிக்குள் உட்காரச் சொன்னார். மச்சான் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரைத் தடதடவென்று நாலு மிதி மிதித்தார். ஷெட் தரையே அதிர்ந்தது.

"மச்சான்! மிதிக்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்!"

"பெட்ரோல் போக வேணாமா, மாப்ள?"

"இது கார்புரேட்டர் இல்ல! மிதிச்சா பெட்ரோல் பீச்சாது! உலகம் எங்கயோ போயிருச்சு, நீங்க இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கீங்க. இறங்குங்க. இனி இந்த வண்டிக்குள்ள என்னைத் தவிர ஒருத்தர் உட்காரக் கூடாது, சொல்லிட்டேன்!"

மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார். மீட்டர் ஏறி உட்கார்ந்தார். கழுத்து மல்டிமீட்டரின் இரண்டு வயர்களும் ஜன்னல் வழியாக சோப்பு டப்பாவுக்குப் போயின. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்களையே பார்த்தபடி சாவியைத் திருப்பினார். இரண்டாவது விநாடியில் எண் எகிறியது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

சால்டரிங் சரியில்லை என்று பிரித்து மறுபடி வைத்தார். மஞ்சள் விளக்கு. எர்த் வயரை மாற்றினார். மஞ்சள் விளக்கு. பேட்டரியை மாற்றினார். பக்கத்துக் கட்டடத்தில் வெல்டிங் நடக்கிறது, அந்தக் கரன்ட்தான் இங்கே வந்து கெடுக்கிறது என்று போய் அவர்களோடு சண்டை போட்டு வெல்டிங்கை நிறுத்தினார். மஞ்சள் விளக்கு. மச்சான் விசிலடிப்பதை நிறுத்தச் சொன்னார். மச்சான் நிறுத்தினார். விளக்குக்கு அதைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லை. சாயங்காலத்துக்குள் இருபத்தேழு தடவை ஆயிற்று. அந்த வண்டியில் அவர் அளக்காத வயர் ஒன்றே ஒன்றுதான், ஆக்ஸிலேட்டர் மிதியின் வயர். மிதியில்தான் கால் வைக்கவே இல்லையே, எதற்கு அதை அளப்பது?

"கண்ணு பட்டிருக்கு," என்றார் மீட்டர் கடைசியில். சகலத்தையும் அளக்கிற மனுஷர் அப்படிச் சொன்னார் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மாப்ள," என்று மச்சான் மெல்ல ஆரம்பித்தார்.

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க, மச்சான். நான் மனுஷனாவே இருக்க மாட்டேன்."

சனிக்கிழமை காலை எட்டரை. தையல்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் ஷெட் ஓரத்து ஸ்டூலில் கைகளை மடிமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் வந்தார், மஞ்சள் விளக்கைப் பார்த்தார், போனை எடுத்தார். கால் மணியில் தம்பியே வந்துவிட்டான், வண்டி இழுக்கும் லாரியோடு. பின்னால் ஒரே நிறச் சட்டையில் ஒரு வேலையாள். தம்பி பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"அண்ணே, இது என்ன, சோப்பு டப்பாவா?"

வேலையாள் அதைப் போட்டோ எடுத்தான். மீட்டருக்கு அந்த நிமிஷம் பூமி பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாலு பேர் சுற்றி நின்று தன் சால்டரிங்கைப் பார்த்துச் சிரிப்பது கண்முன் வந்தது.

"டீச்சர்," என்றார் மீட்டர். "ஒரே ஒரு தடவை. கடைசித் தடவை. அப்புறம் கொண்டு போகட்டும்."

டீச்சருக்கு மனசு இளகிவிட்டது. "சரி, நானும் பக்கத்துல உட்காரறேன்," என்றார். பக்கத்து இருக்கையில் ஏறி, கால்கள் இரண்டையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். "என் கால் சும்மா இருக்காது, பிரேக்கைத் தேடும்," என்று காரணமும் சொன்னார்.

மீட்டர் தன் எண்களைப் பார்த்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். இரண்டாவது விநாடியில் எண் எகிறியது. மஞ்சள் விளக்கு.

அவர் எண்ணைப் பார்த்தார். டீச்சர் எண்ணைப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் டீச்சரின் கண் தானாகக் கீழே போகும். முகம் பொய் சொல்லும், கை பொய் சொல்லும், வண்டி எங்கே போகப் போகிறது என்று கால்தான் முதலில் சொல்லும் என்பது அவருடைய தொழில். உலகத்தில் மற்ற எல்லாரும் தெருவைப் பார்ப்பார்கள், அவர் காலைப் பார்ப்பார்.

"இன்னொரு தடவை பண்ணுங்க," என்றார்.

பண்ணினார். மஞ்சள் விளக்கு.

"காலை எடுங்க," என்றார் டீச்சர், முதல் நாள் வகுப்பில் பேசுகிற குரலில்.

"கால் வைக்கவே இல்லையே?"

"கீழ பாருங்க. இப்ப சாவியைத் திருப்புங்க. மீட்டரைப் பாக்காதீங்க, கீழ பாருங்க."

மீட்டர் குனிந்து பார்த்தபடி சாவியைத் திருப்பினார். அவருடைய வலது கால், சொந்தக் கால், யாரையும் கேட்காமல் ஆக்ஸிலேட்டரை அழகாக மூன்று தடவை மிதித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் தரையில் இறங்கிக்கொண்டது.

மீட்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அட கடவுளே!" என்றார் டீச்சர். "மேஜை! பதினெட்டு வருஷமா சோறு போட்டதும் மேஜை ஆடுதே, அது இதுதானா? டிவி போட்டா ஆடுது, போன் எடுத்தா ஆடுது! எது ஆரம்பிச்சாலும் மூணு மிதி மிதிச்சிட்டுத்தான் ஆரம்பிப்பீங்களா?"

வெளியே மச்சான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டடத்து வெல்டிங்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நியாயமான சிரிப்புத்தான், நேற்று அவர் வாங்கின திட்டு கொஞ்சமா? "உலகம் எங்கயோ போயிருச்சு, மாப்ள! எங்கயோ போயிருச்சு!" என்று கண்ணீர் வர வர சொன்னார்.

"சிரிக்காதீங்க, மச்சான். இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல, இனிமே மிதிக்க மாட்டேன்," என்றார் மீட்டர் வீறாப்பாக. சாவியைத் திருப்பினார். காலையே முறைத்துக்கொண்டிருந்தார். பத்து விநாடி தாங்கியது. பதினொன்றில் எண் என்ன காட்டுகிறது என்று ஒரு கணம் ஆசைப்பட்டு மேலே பார்த்தார். மூன்று மிதி. மச்சான் கதவு வழியாகத் தலையை உள்ளே நுழைத்துக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். கால் மச்சானின் கையையும் சேர்த்து மிதித்தது. மச்சான் அலறினார்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுண்ணே. இது ஒரு வேலையா? முப்பது விநாடி சும்மா இருக்கணும், அவ்வளவுதானே," என்று உட்கார்ந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். டீச்சரின் கண் கீழே போனது.

"உங்களுக்கும்தான்," என்றார் டீச்சர்.

"என்ன அண்ணி எனக்கும்தான்?"

"மூணு."

தம்பி குனிந்தான். நம்பாமல் இன்னொரு தடவை திருப்பினான். ஏசி ஒர்க்ஷாப் முதலாளியின் பளபளப்பான ஷூ போட்ட கால், அண்ணன் கால் போலவே, கொஞ்சம்கூடத் தாளம் தவறாமல் மூன்று மிதி மிதித்தது. அவனுடைய ஒர்க்ஷாப்புக்கு வருவது பெரும்பாலும் பட்டன் அமுக்கினால் எழும்பும் வண்டிகள், சாவியே கிடையாது. எப்போதாவது வருகிற சாவி வண்டியையும் வேலையாட்களே பார்த்துக்கொள்வார்கள். அதனால் இத்தனை வருஷம் வெளியே வராமல் ஒளிந்திருந்தது.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்பாவோட கார்புரேட்டர் வேன்," என்றான் தம்பி.

"மூணு மிதிக்காம எழும்பாது," என்றார் மீட்டர்.

"ரெண்டு மிதிச்சா இருமும்."

"நாலு மிதிச்சா அப்பா அடிப்பாரு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணி. இவர்கள் இரண்டு பேராலும் முடியாது. மச்சானைப் பற்றிப் பேச்சே வேண்டாம். தன் கால் பிரேக்கை விடாது. அந்த ஷெட்டில் மிதியைத் தொடாத கால் ஒன்று கூடவா இல்லை என்று சுற்றிப் பார்த்தார். பார்த்தவர் கண் ஓரத்து ஸ்டூலில் போய் நின்றது.

"தையல்காரரே, இங்க வாங்க."

தையல்காரர் திடுக்கிட்டு எழுந்தார். "நானா டீச்சர்? நான் எதையாவது உடைச்சிட்டா?"

"நீங்க எப்பவும் பண்றதைப் பண்ணுங்க. நான் அதுக்குத்தானே ஒன்றரை வருஷமா உங்களைத் திட்டறேன்."

தையல்காரர் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தவில்லையோ என்று திறந்து மறுபடி சாத்தினார். இருக்கையை முன்னால் இழுத்தார், கொஞ்சம் பின்னால் தள்ளினார். பெல்ட் போட்டார். கண்ணாடியைத் திருப்பினார். மற்ற நாளாக இருந்தால் டீச்சர் இதற்குள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். கடைசியாக, "திருப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். வலது குதிகால் தரையில் இருந்தது. விரல்கள் மிதிக்கு நாலு அங்குலம் மேலே, துணி இன்னும் நேராகவில்லை என்பதுபோல் தூக்கியே நின்றன. இறங்கவில்லை. இறங்கவே இல்லை.

இன்ஜின் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. ட்ர்ர், டக். கதவு மூடிப் பார்த்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ட்ர்ர், டக். ஐந்து பேர் மூச்சு விடவில்லை. முப்பது விநாடியும் போய் முப்பத்தைந்தும் ஆயிற்று, தையல்காரர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் விளக்கு அணைந்தது.

"அணைச்சிட்டு, பத்து விநாடி கழிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார் மீட்டர் கிசுகிசுப்பாக.

இன்ஜின் ஒரே திருப்பில் எழும்பி, பஞ்சு மாதிரி ஓடியது. மீட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைக் கையால் வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டார். பானெட்டுக்குள் ரோஜா நிற சோப்பு டப்பாவை ஒரு தடவை தட்டிக்கொடுத்தார்.

"ஒரு சந்தேகம்," என்றார் தையல்காரர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "தப்பா எடுத்துக்காதீங்க. வெளிய நின்னு, இந்த ஜன்னல் வழியா கையை விட்டுச் சாவியைத் திருப்பியிருக்கலாம், இல்ல?"

மீட்டர் மச்சானைப் பார்த்தார், மச்சான் தம்பியைப் பார்த்தார், தம்பி போனில் ஏதோ தேடினான்.

"பத்து மணிக்கு டெஸ்ட்," என்றார் டீச்சர். "கிளம்புங்க."

வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று தம்பியின் லாரி பின்னாலேயே போயிற்று. டெஸ்ட் மைதானத்து வேலியோரம் டீச்சரும் மீட்டரும் மச்சானும் தம்பியும் வரிசையாக நின்றார்கள். அதிகாரி பக்கத்தில் உட்கார, தையல்காரர் தன் வழக்கமான பூஜைகள் அத்தனையும் முடித்துக் கிளட்ச்சை விட்டார். எப்போதும் இந்த இடத்தில்தான் இன்ஜின் அணையும். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

அணையவில்லை. இன்ஜின் கொஞ்சம் தாழ்ந்தது, உடனே தானாகவே சமாளித்துக்கொண்டு, வண்டி பூனை நடையாக நகர்ந்தது. புதிய த்ராட்டில் பாடி நல்ல நிலையில் இருந்தது. இன்ஜின் தடுமாறினால் கதவைக் கொஞ்சம் திறந்து தாங்கிக்கொண்டது. பழையது தேய்ந்துபோய் ஒன்றரை வருஷமாக அந்த வேலையைச் செய்யவில்லை. தையல்காரர் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே வளைந்தார், திரும்பினார், பின்னால் வந்து நிறுத்தினார். மேட்டில் மட்டும் ஒரு தடவை, மன்னிப்புக் கேட்கிற மாதிரி லேசாக மிதித்தார்.

டீச்சர் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினார். "வண்டி அணையுது, அணையுதுன்னு ஒன்றரை வருஷமா சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"அளந்து பாத்தேன், நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன்," என்றார் மீட்டர் தலையைக் குனிந்து.

"அந்த மனுஷனை அஞ்சு தடவை நான் வாயில வந்தபடி திட்டியிருக்கேன்."

"நான் வேணா மன்னிப்புக் கேக்கறேன், டீச்சர்."

"கேளுங்க. அஞ்சு தடவை கேளுங்க."

தையல்காரர் பாஸ். அதிகாரி காகிதத்தில் 'மிக நிதானமானவர்' என்று எழுதினார். தையல்காரர் காரை விட்டு இறங்கி, நடக்கத் தெரியாதவர்போல் இரண்டு அடி வைத்து, டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். டீச்சரும் அழுதார். மச்சான் மூக்கைச் சிந்திக்கொண்டே, "கார்புரேட்டர்ல இந்த நடை வராது, ஒத்துக்கறேன்," என்றார். அவர் வாயிலிருந்து அது வருவதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்!

தம்பி மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு எதையோ மென்று முழுங்கினான்.

"அண்ணே."

"என்ன?"

"என் கடையில இதே மாடல் ஒண்ணு நாலு மாசமா நிக்குது. எங்க ஆளுங்களால ஒண்ணும் பண்ண முடியல. புது த்ராட்டில் பாடி இருக்கு, கம்ப்யூட்டர்தான் சண்டை போடுது." குரலைத் தாழ்த்தினான். "அந்த சோப்பு டப்பா மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சு தருவியா?"

கல்யாண வீட்டில் கை கழுவுகிற இடத்தில் தொண்டையில் மாட்டின முள் அந்த இடத்திலேயே கரைந்து போயிற்று. மீட்டர் எவ்வளவோ பேச நினைத்தார். பழைய வண்டி என்று ஆரம்பித்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்றுகூட நினைத்தார். தம்பி முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. பேச வாயைத் திறந்தார். கீழே அவர் வலது கால் மண்ணை மூன்று தடவை மிதித்தது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"செஞ்சு தரேன்," என்றார் மீட்டர். "ஆனா சாவியைத் திருப்பறப்போ தையல்காரரைக் கூட்டிட்டுப் போயிடு."